திருவருகைக் காலம்: முதல் முறையாகக் காத்திருப்பவர்களுக்கு

“அக்கா, கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. கோவில் ஏன் இப்படி வெறிச்சென்று இருக்கிறது?”

திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். அந்த ஆண்டு பாஸ்கா (ஈஸ்டர்) இரவில்தான் அவளுக்குத் திருமுழுக்கு நடந்திருந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பீடத்தில் வழக்கமாக இருக்கும் பூக்களில் பாதிகூட அன்று இல்லை. சாமியார் ஊதா உடையில் வந்தார். ‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் வானவர் கீதத்தைப் பாடகர் குழு பாடவில்லை. கடைத்தெருவிலோ நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“அவர் இன்னும் பிறக்கவில்லை அல்லவா, அதனால்தான்” என்று அன்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். வானவர் கீதம் பெத்லகேம் வயல்வெளியில் இடையர்கள் கேட்ட பாட்டு. அந்த இரவு வரும்வரை ஞாயிறுகளில் அதைப் பாடாமல் சேர்த்து வைக்கிறோம். அல்லேலூயாவை மட்டும் விடுவதில்லை. அதை நிறுத்துவது தவக்காலத்தில்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட இந்தக் காத்திருப்புக் காலம்தான் திருவருகைக் காலம். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், திருமணமாகிக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், பல ஆண்டுகள் விலகியிருந்து திரும்பியவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள் என்பதால் என் சொற்கள் அந்தப் பக்கமாகவே இருக்கும். சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளிலும் இதே நான்கு ஞாயிறுகள் உண்டு, அட்வெந்து என்பார்கள்.

முதலில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிசம்பர் 25க்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பின்னோக்கி நான்கு ஞாயிறுகளை எண்ணுங்கள். நான்காவதாக வருவதே திருவருகைக் கால முதல் ஞாயிறு. புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டியே அது வரும். 27க்கு முன்னும் வராது, டிசம்பர் 3க்குப் பின்னும் வராது. 2026-ல் நவம்பர் 29, 2027-ல் நவம்பர் 28, 2028-ல் டிசம்பர் 3. ஆகவே சில ஆண்டுகளில் 28 நாள் கிடைக்கும், சில ஆண்டுகளில் 22 நாள்தான். 2028-ல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 ஆகிவிடும். அன்று காலையில் திருவருகைக் காலம், இரவில் கிறிஸ்துமஸ். முன்கூட்டியே பார்த்து வைத்தால் அந்த ஆண்டில் அவசரப்பட வேண்டியிருக்காது.

திருச்சபையின் ஆண்டு இந்த ஞாயிற்றில்தான் தொடங்குகிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு அது அப்போதே தொடங்கிவிடும். எல்லாச் சபைகளும் ஒரே கணக்கில் போவதில்லை. மிலான் மறைமாவட்டத்தில் ஆறு வாரம். கேரளத்தின் சிரிய மரபினருக்கு டிசம்பர் முதல் நாளிலிருந்து 25 நோன்பு. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில் 40 நாள். இலத்தீன் மரபிலும் தொடக்கத்தில் இது நோன்புக் காலமாகத்தான் இருந்தது: ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கச் சொன்னார். இன்று அந்தக் கட்டாயம் இல்லை.

நடுவில் சில நாட்கள் நிறம் மாறும். அவற்றில் முக்கியமானவை இரண்டு. டிசம்பர் 8, மரியா பாவ மாசின்றிக் கருவானதைக் கொண்டாடும் அமல உற்பவப் பெருவிழா. அன்று வெள்ளை உடை, வானவர் கீதமும் உண்டு. மூன்றாம் ஞாயிறு ரோஜா நிறம். ‘மகிழுங்கள்’ என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய சொல் அந்த ஞாயிற்றின் பெயராகவே ஆகிவிட்டது. பாதி வழி கடந்துவிட்டோம் என்பதைச் சொல்கிற நிறம் அது.

யாருக்காகக் காத்திருக்கிறோம்

இதைப் புரிந்துகொள்ளாமல் மெழுகுதிரி ஏற்றத் தொடங்கிவிடாதீர்கள்.

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் ‘இருத்தல்’ என்று பள்ளியில் படித்திருப்போம். தலைவன் கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். தலைவி அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு இருக்கிறாள். மழை வந்துவிட்டது, அவனைக் காணோம். ஆனாலும் அவளிடம் ஒரு சொல் இருக்கிறது. சொல் கொடுத்தவர் ஒருவர் இருந்தால்தான் அது காத்திருப்பு. இல்லாவிட்டால் வெறுமனே நேரம் போவதுதான்.

இஸ்ரயேல் மக்களிடமும் ஒரு சொல் இருந்தது. தாவீதின் அரியணை என்றென்றும் நிலைத்திருக்கும் என்று இறைவாக்கினர் நாத்தான் வழியாகக் கடவுள் வாக்களித்திருந்தார். இரண்டாம் சாமுவேல் ஏழாம் அதிகாரத்தில் அதைப் படிக்கலாம். பிறகு கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள். கடைசி அரசர் செதேக்கியாவின் கண்முன்னே அவருடைய மகன்களைக் கொன்று, அதன்பின் அவருடைய கண்களைப் பிடுங்கினார்கள். அவர் கடைசியாகப் பார்த்தது பிள்ளைகள் சாவதைத்தான். அதற்குப் பிறகு தாவீதின் அரியணையில் அமர அந்த வழிமரபில் அரசர் எவரும் இல்லை. அரியணை போய்விட்டது, சொல் மட்டும் மிஞ்சியது.

அரசர்களுக்கும் குருக்களுக்கும் தலையில் எண்ணெய் ஊற்றி அருள்பொழிவு செய்வார்கள். அப்படி அருள்பொழிவு பெற்றவர் எபிரேயத்தில் மெசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து. எசாயா நூல் 45-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இந்தப் பட்டம் பாரசீக மன்னர் சைரசுக்குத் தரப்படுகிறது. நாடு கடத்தப்பட்ட யூதர்கள் ஊர் திரும்ப வழிவிட்டவர் அவர். இஸ்ரயேலின் கடவுளையே அறியாத ஓர் அயல்நாட்டு அரசர்! முதல் முறை இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வாசலைவிட்டு வேறு வாசல் வழியாகவும் கடவுள் வருவார்.

ஊர் திரும்பினார்கள், கோவிலைக் கட்டினார்கள், ஆனால் அரசர் வரவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த மக்கள் காத்திருந்தார்கள். யூத மக்கள் இன்றும் காத்திருக்கிறார்கள். பாஸ்கா இரவு உணவில், மெசியாவுக்கு முன் வருவார் என்று அவர்கள் எதிர்பார்க்கும் இறைவாக்கினர் எலியாவுக்கென்று ஒரு கிண்ணம் திராட்சை இரசம் ஊற்றி வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. நாம் காத்திருக்கக் கற்றது அவர்களிடமிருந்துதான். அவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த நன்றி நம் நாவில் இருக்க வேண்டும்.

“இயேசு ஏற்கெனவே பிறந்துவிட்டாரே, இனி எதற்குக் காத்திருப்பது?” என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த புனித பெர்னார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: பெத்லகேமில் ஊனுடலில் வந்த வருகை, இறுதியில் மாட்சியோடு வரப்போகும் வருகை, இவை இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் ஒவ்வொரு நாளும் மனத்துக்குள் நிகழும் வருகை. டிசம்பர் 16 வரையிலான நாட்களில் வாசகங்கள் இறுதி வருகையின் பக்கமாகவே சாய்ந்திருக்கும். 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்பும். முதல் ஞாயிறு குழந்தையைப் பற்றிக் கேட்கலாம் என்று போய், உலக முடிவைப் பற்றிக் கேட்டுத் திகைக்கிறவர்கள் உண்டு. வழிபாட்டில் தவறு எதுவும் இல்லை, அதன் அமைப்பே அதுதான்.

வளையம் செய்யுங்கள்

1839-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஷ் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தை நடத்திவந்தார். பிள்ளைகளுக்கு நாட்களை எண்ணிக் காட்ட ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்கு 20 சிறிய சிவப்புத் திரிகளையும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளைத் திரிகளையும் பொருத்தினார். இன்று கத்தோலிக்க வீடுகளிலும் கோவில்களிலும் காணும் நான்கு திரி வளையத்துக்கு மூலம் அந்தச் சக்கரம்தான்.

நம் ஊரில் ஊசியிலை மரம் தேடி அலைய வேண்டாம். ஓர் அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஈர மணலைப் பரப்புங்கள். நான்கு மெழுகுதிரிகளை மணலில் ஆழமாகச் செருகுங்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். சுற்றிலும் சவுக்குக் கிளைகளை வைத்துக் கட்டுங்கள். ஊதாத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியே போதும், தட்டின் விளிம்பில் ஊதா ரிப்பனைச் சுற்றலாம். திரியின் மேல் காகிதமோ துணியோ சுற்றாதீர்கள். சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த சவுக்கு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் கிளைகளை மாற்றி, மணலில் தண்ணீர் தெளியுங்கள். தீப்பெட்டியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நவம்பர் மழையின் ஈரத்தில் பத்துக் குச்சி கிழித்தும் பற்றாமல் போன மாலைகள் எங்கள் வீட்டில் உண்டு.

முதல் வாரம் ஓர் ஊதாத் திரி. இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாம் ஞாயிறு அவற்றோடு ரோஜா நிறத் திரி. நான்காம் வாரம் நான்கும். இரவு உணவுக்கு முன் விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். நீண்ட செபம் வேண்டாம். திருவெளிப்பாட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் “ஆண்டவராகிய இயேசுவே, வாரும்” என்ற வேண்டுதல் போதும். பவுல் கொரிந்தியருக்குக் கிரேக்கத்தில் எழுதிய முதல் கடிதத்தின் முடிவிலும் இதே வேண்டுதல் ‘மாரனாதா’ என்று அரமேயத்திலேயே நிற்கிறது. இயேசு பேசிய மொழி அது. அந்தச் சொல்லைப் பவுல் மொழிபெயர்க்காமல் விட்டதை நினைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

நான்காம் வாரத்தில் நான்கு திரிகளும் நான்கு உயரத்தில் நிற்கும். முதலில் ஏற்றியது கட்டை விரல் அளவுக்குக் குறைந்திருக்கும். சிலர் அழகு கருதி அதை மாற்றிப் புதியதை வைக்கிறார்கள். மாற்றாதீர்கள். நீங்கள் காத்திருந்த நாட்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி

கத்தோலிக்க நாட்காட்டியில் அன்றன்றைய வாசகங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதன்படி போவது எளிது. ஞாயிறு நற்செய்திகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி வரும். 2026 நவம்பரில் தொடங்குவது மாற்கு ஆண்டு, அடுத்தது லூக்கா, அதற்கடுத்தது மத்தேயு. எந்த ஆண்டானாலும் வரிசை ஒன்றுதான்: முதல் ஞாயிறு விழிப்பாயிருங்கள் என்ற எச்சரிக்கை, இரண்டாம் மூன்றாம் ஞாயிறுகள் திருமுழுக்கு யோவான், நான்காம் ஞாயிறு மரியா அல்லது யோசேப்பு.

ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் எசாயாவைப் படியுங்கள். 40-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். ‘ஆறுதல் கூறுங்கள்’ என்பதே அதன் முதல் குரல். பாபிலோனில் ஊர் இழந்து கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது என்பதை மறக்காமல் படியுங்கள்.

மத்தேயு 11-ஆம் அதிகாரத்தையும் தவற விடாதீர்கள். யோர்தான் ஆற்றங்கரையில் அத்தனை உரக்க முழங்கிய யோவான் இப்போது சிறையில் இருக்கிறார். அங்கிருந்து சீடர்களை அனுப்பிக் கேட்கிறார்: வரவிருப்பவர் நீர்தாமா, இல்லை வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா? மெசியாவைச் சுட்டிக்காட்டவே பிறந்தவருக்கு வந்த ஐயம். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்வை பெறுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று பதில் அனுப்பிவிட்டு, பெண் வயிற்றில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்று மக்களிடம் புகழ்ந்தார். ஐயத்தோடு இந்தக் காலத்துக்குள் வருகிறவர்கள் யோவானின் பக்கத்தில் உட்காரலாம்.

பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கடினம். வளையம் செய்ய ஒரு மணி நேரம் போதும். பத்து நிமிடம் கைப்பேசி இல்லாமல், பாட்டு இல்லாமல், செபப் புத்தகம்கூட இல்லாமல் இருப்பதற்கு எனக்குப் பல டிசம்பர்கள் ஆயின.

ஒரு டிசம்பரில் என் அப்பா மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். நடைக்கூடத்து நாற்காலியில் ஏழு இரவுகள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே இரவுக் காவலர் ஒருவர். தலையில் குரங்குக் குல்லா, மடியில் டார்ச் விளக்கு. மணிக்கொரு முறை எழுந்து மாடிப்படி வரை நடந்துபோய், ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்காருவார். மூன்றாம் இரவில் தாங்க முடியாமல் அவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, மணி என்ன ஆகிறது?”

“நாலாகப் போகிறது அம்மா. பால் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டால் அப்புறம் விடிந்த மாதிரிதான்.”

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாத அந்த இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கீழே தெருவில் பால் வண்டியின் டப்பாக்கள் மோதும் சத்தம் வந்தது. எனக்குக் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைவிட என் நெஞ்சம் ஆண்டவருக்காகக் காத்திருக்கிறது என்று 130-ஆம் திருப்பாடல் சொல்லும். அதைச் சிறு வயதிலிருந்து பாடி வந்திருக்கிறேன். அன்றுதான் காவலரைப் பார்த்தேன். நம் மொழியில் காவலும் காத்தலும் காத்திருத்தலும் ஒரே வேரில் பிறந்தவை. காத்து இருப்பவர்தான் காத்திருப்பவர். விடியலை அந்தக் காவலரால் கொண்டுவர முடியாது. விடியும்வரை தூங்காமல் இருக்க முடியும், முதல் சத்தத்தை அடையாளம் காண முடியும். அப்பா அந்த முறை வீடு திரும்பினார். அடுத்த ஆண்டு திரும்பவில்லை.

ஆகவே பத்து நிமிட மௌனத்துக்கு உட்காரும்போது, நீங்கள் உண்மையிலேயே சுமந்துகொண்டிருக்கும் காத்திருப்பு ஒன்றை எடுத்து வையுங்கள். வேலை உத்தரவோ, ஸ்கேன் முடிவோ, பிறக்காத குழந்தையோ, பேச்சை நிறுத்திவிட்ட மகனோ, எதுவானாலும் அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பேரம் பேசாதீர்கள். இத்தனை நாள் காத்திருந்தால் இது கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால் நம்பாதீர்கள். நற்செய்தியில் அப்படி ஒரு கணக்கு இல்லை. திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா நம்ப முடியாமல் கேள்வி கேட்டார், பிள்ளை பிறந்து பெயரிடும்வரை பேச்சிழந்து இருந்தார். அவர் மனைவி எலிசபெத்து கருவுற்றபின் ஐந்து மாதம் வெளியே தலை காட்டவில்லை. இறைவாக்கினர் அன்னா 84 வயதுவரை கைம்பெண்ணாகக் கோவிலைவிட்டு நீங்காமல் இருந்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் காத்திருந்தார்கள்.

வெளி வேலைகளை முன்னால் தள்ளிவிடுங்கள்

புதுத் துணி எடுப்பதும் தைக்கக் கொடுப்பதும் நவம்பருக்குள் முடியட்டும். டிசம்பர் 20-ல் தையற்கடை வாசலில் நிற்பதற்குப் பெயர் காத்திருப்பு அல்ல, தவிப்பு. அச்சு முறுக்கையும் அதிரசத்தையும் 22, 23 தேதிகளில் சுட்டாலும் போதும், மாவை முன்பே இடித்து வைத்துவிடுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே கீதப் பவனிக் குழுக்கள் வரும். பிறப்புப் பாடலை இப்போதே பாடுகிறார்களே என்று முகம் சுளிக்காதீர்கள், வீட்டுக்குள் அழையுங்கள், காப்பி கொடுங்கள்.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, பெரியவர்கள் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு, மூன்றாம் ஞாயிறுக்கு முன்பே போய்விடுங்கள். கடைசி வாரம் வரிசை நீளும், சாமியாரும் களைத்திருப்பார். முதல் முறை போகிறவர் என்றால் “எனக்குப் பழக்கமில்லை சாமி” என்றே தொடங்கலாம். அவர் வழிநடத்துவார்.

நோன்பு கட்டாயம் இல்லை என்றேன். விரும்பினால் ஏதாவது ஒன்றைக் குறைக்கலாம். எங்கள் வீட்டில் இந்த நான்கு வாரமும் புதன்கிழமை இரவு கஞ்சியும் துவையலும் மட்டும். மிச்சப்படும் பணம் கிறிஸ்துமஸ் அன்று ஒரு வீட்டுக்கு அரிசியாகப் போகும்.

டிசம்பர் 17: சிவப்புக் கயிறு

17-ஆம் தேதி திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கம் வாசிக்கப்படும். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு என்று வெறும் பெயர்களாகப் போகும். பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கு. பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். நீங்கள் வீட்டில் ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். பெயர் தடுக்கினால் தடுக்கட்டும். மெசியாவுக்காகக் காத்திருந்தவர்களின் வருகைப் பதிவேடு அது; பெரும்பாலோர் அவரைப் பார்க்காமலே செத்தவர்கள்.

அதில் மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. இராகாபு எரிகோ நகரத்து விலைமகள். இஸ்ரயேலின் ஒற்றர்களை ஒளித்து வைத்து உயிர் காத்ததற்காக, சன்னலில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டிவை, நகரம் விழும்போது உன் வீடு தப்பும் என்று அவர்கள் சொல் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் கட்டினாள், காத்திருந்தாள். யோசுவா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் அந்தக் கயிற்றுக்கு எபிரேயத்தில் உள்ள சொல் ‘திக்வா’. அதே சொல்லுக்கு நம்பிக்கை என்றும் பொருள். நம் வீட்டுச் சுவர்க் காலண்டர்களில் அடிக்கடி காணும் எரேமியா 29:11 வசனத்தில், உங்களுக்கு எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவேன் என்கிற இடத்தில் இருப்பதும் இதே திக்வாதான். காலண்டரில் அச்சிடாமல் விடுவது அதற்கு முந்தைய வசனம். பாபிலோனில் எழுபது ஆண்டு ஆன பிறகே உங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறது அது. நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய இந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பும் வயதுவரை உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கயிறு நீட்டப்பட்டது.

எங்கள் வீட்டில் 17-ஆம் தேதி மாலை சன்னல் கம்பியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவோம். 24 இரவு அவிழ்ப்போம். இது திருச்சபையின் சட்டம் இல்லை, எங்கள் வழக்கம். விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து 23 வரை மாலைப் புகழில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளும் ஒரு பெயரால் மெசியாவை அழைக்கிறது திருச்சபை. ஞானமே, தலைவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் சுடரே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சேர்த்தால் ‘ஏரோ கிராஸ்’ என்று வரும்: நாளை இருப்பேன். ஏழு நாள் அழைத்தவர்களுக்கு, அழைப்புக்குள்ளேயே பதில். 23-ஆம் தேதிதான் அந்தச் சொல் முழுமையாகும். இந்த ஏழு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவைத்து, அடுப்பருகே நிற்கும்போது அன்றைய பெயரைச் சொல்லுங்கள்.

குடில்

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும், மாட்டையும் கழுதையையும் வைத்து நள்ளிரவுத் திருப்பலிக்கு மக்களை அழைத்தார். நம் குடில்களுக்கு முன்மாதிரி அதுதான்.

குடிலுக்குப் புல்வெளி வேண்டும் என்றால் 12 அல்லது 13-ஆம் தேதி கேழ்வரகை ஊற வையுங்கள். மறுநாள் ஓட்டையுள்ள தட்டில் மெல்லிய மண் பரப்பி, கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, ஈரச் சாக்கால் இரண்டு நாள் மூடுங்கள். முளை வெளுப்பாகத் தலை நீட்டியதும் சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், விரலால் தெளியுங்கள். மழைக்காலத்தில் ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடித்துவிடும். 24-க்குள் விரல் உயரத்துக்குப் பச்சை எழும்பியிருக்கும். முளைப்பாரி பார்த்து வளர்ந்த நமக்கு இது கைவந்த வேலை. குரோவேசியாவிலும் ஹங்கேரியிலும் டிசம்பர் 13, புனித லூசியா திருநாளில் கோதுமையை இப்படித்தான் முளைக்க வைக்கிறார்கள். அம்மா காலையில் எழுந்ததும் காப்பி போடுவதற்கு முன் அந்தத் தட்டை எட்டிப் பார்ப்பார். ஒன்றும் முளைக்காத நாளிலும் பார்ப்பார்.

மாதாவையும் சூசையப்பரையும் இடையர்களையும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். தொட்டியை மட்டும் வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், யாருக்கும் தெரியாமல் செய்த ஒவ்வொரு நல்ல செயலுக்கும் ஒரு வைக்கோல் தாளைத் தொட்டிக்குள் போடச் சொல்லுங்கள். யார் போட்டது என்று விசாரிக்காதீர்கள். குழந்தை இயேசுவின் சுரூபத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டில் இளையவர் கையால் வைக்கச் சொல்லுங்கள்.

பாதியில் வந்தவர்களுக்கு

மூன்றாம் வாரத்தில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் விட்டுப்போன திரிகளுக்காக வருந்த வேண்டாம். மூன்றையும் சேர்த்து ஏற்றுங்கள். 17 தாண்டிவிட்டது என்றால் அன்றைய பெயரிலிருந்து தொடங்குங்கள். கேழ்வரகு முளைக்க நேரம் இல்லாவிட்டால் ஒரு பிடி அறுகம்புல் போதும். 24 மாலைதான் நினைவு வந்தது என்றால், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மேசை மேல் வெறுமையாக வையுங்கள். பிறகு சால்வையும் குடையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே கோவிலுக்குப் புறப்படுங்கள். வானவர் கீதம் தொடங்கும்போது மணிகள் அடிக்கும். நான்கு ஞாயிறுகளாகப் பாடாமல் வைத்திருந்த பாட்டு. முதல் வரியிலிருந்தே பாட நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.